எச்.பி. அவங்க சொல்றது, சிசி நாம அளக்கறது



இன்னைக்கு மழையைப் பத்தியோ கிழங்கு விலையைப் பத்தியோ எழுதப் போறதில்லை. ஒரு கணக்கைப் பத்தி எழுதறேன். நீங்க எல்லாரும் பத்தாவதுல போட்ட கணக்குதான். நானும் போட்டிருக்கேன். ஆனா தேவைப்பட்ட நேரத்துல ஞாபகத்துக்கு வரலை. அதனால ஒரு வருஷம் முழுக்க ஒரு எந்திரத்தோட மல்லுக்கட்டினேன்.

எனக்கு இருக்கறது ரெண்டே முக்கால் ஏக்கர். அதுல ஒண்ணேகால் ஏக்கர் குச்சிக்கிழங்கு. நீங்க மரவள்ளின்னு சொல்வீங்க. மீதியில வாழையும் மாட்டுக்குத் தீவனமும். குச்சிக்கிழங்குக்கு முதல் மூணு மாசம்தான் முக்கியம். அப்பக் களையை விட்டுட்டா அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் கிழங்கு பருக்காது. களை வெட்ட ஆளுக்குச் சொல்லிட்டு வந்தா, அவங்க வர்ற நாளுக்குள்ள களை என் முழங்காலுக்கு வந்துடுது. அதனால போன வருஷம் ஒரு பவர் வீடர் வாங்கினேன். கையில பிடிச்சுக்கிட்டு பின்னாடியே நடந்து போற சின்ன களை எந்திரம். மேல பெட்ரோல் இன்ஜின், கீழ மண்ணைக் கிளர்ற பிளேடு. விலை 42,000 ரூபாய். வீட்டம்மாவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு.

கடையில நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தனை எச்.பி.ங்க?"

"7 எச்.பி.ங்கண்ணா. ஸ்டிக்கரைப் பாருங்க."

பார்த்தேன். சிவப்பு எழுத்துல பெரிசா 7 எச்.பி.ன்னு இருந்தது. பில்லுலயும் அதையே எழுதினாங்க. எனக்கு அது போதுமா இருந்தது.

மேட்டுல, செம்மண் பொலபொலன்னு இருக்கற இடத்துல எந்திரம் நல்லாத்தான் போச்சு. கீழ் மூலையில மண்ணு கொஞ்சம் களி. மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு அங்க இறக்கினா, பத்தடி போறதுக்குள்ள மூச்சுத் திணறி நின்னுடும். முதல்ல பெட்ரோல் மேல சந்தேகப்பட்டேன். அப்புறம் பிளக்கை மாத்தினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். கடைசியில எனக்குத்தான் பிடிக்கத் தெரியலைன்னு நினைச்சேன். வீட்டம்மா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. வெறுங்கையோட மம்பட்டியை எடுத்துக்கிட்டு கீழ் மூலைக்குப் போனா. எனக்கு அது போதும்.

இந்தப் புரட்டாசியில அதே மூலையில முக்கி முக்கி ஓட்டினதுல இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கட் எரிஞ்சுபோச்சு. டவுன்ல பட்டறை வச்சிருக்கற தம்பிகிட்ட வண்டியில போட்டுக் கொண்டு போனேன். அவரு இன்ஜின் மேல இருந்த மண்ணையும் எண்ணெயையும் துடைச்சப்ப, ஒரு ஓரத்துல அச்சடிச்ச எழுத்து தெரிஞ்சது. 168எஃப்.

"அண்ணா, இது 7 எச்.பி.ன்னா வாங்கினீங்க?"ன்னு கேட்டாரு.

அந்த எழுத்துக்கு அர்த்தம் அவருதான் சொன்னாரு. சீன வகை சின்ன இன்ஜின்கள்ல இந்த மாதிரி எண் போடற வழக்கம் இருக்கு. முதல்ல இருக்கற 1, ஒரு சிலிண்டர். அடுத்து இருக்கற 68, சிலிண்டரோட உள் விட்டம் 68 மில்லிமீட்டர். எஃப்ன்னா காத்துல குளிர்ற இன்ஜின். 170எஃப்ன்னா விட்டம் 70. டீசல்ல 178எஃப்ன்னு வரும், அதுல விட்டம் 78. இத்தனை நாளா எந்திரத்து மேலயே அதோட ஜாதகம் எழுதியிருந்திருக்கு. நான் ஸ்டிக்கரை மட்டும் படிச்சிருக்கேன்.

"அப்ப இது எத்தனை சிசி தம்பி?"

"அதை இந்த எண்ணை வச்சுச் சொல்ல முடியாதுங்கண்ணா. 68 போர்ல ரெண்டு ஸ்ட்ரோக் வருது. ஒண்ணு 45, இன்னொண்ணு 54. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹெட்டைத்தான் கழட்டறேனே, அளந்துடலாம்."

இங்க ரெண்டு வார்த்தையைச் சொல்லிடறேன். எங்க ஊர்ல போர்ன்னா ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு. ஸ்ட்ரோக்ன்னா கை கால் இழுத்துக்கிறது. ரெண்டுமே விவசாயிக்குச் செலவு வைக்கற வார்த்தை. இன்ஜின்ல போர்ங்கறது சிலிண்டர் குழாயோட உள் விட்டம். ஸ்ட்ரோக்ங்கறது அந்தக் குழாய்க்குள்ள பிஸ்டன் மேல் எல்லையில இருந்து கீழ் எல்லை வரைக்கும் போற தூரம்.

தம்பி ஹெட்டைக் கழட்டினாரு. வெர்னியர் வச்சு சிலிண்டர் வாயில அளந்தாரு. 68 மில்லிமீட்டர். அப்புறம் ஃப்ளைவீலைக் கையால சுத்தி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, மேல் விளிம்பில இருந்து பிஸ்டன் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்தாரு. மறுபடி சுத்தி அடிமட்டத்துக்கு இறக்கி ஆழம் பார்த்தாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் 45 மில்லிமீட்டர்.

68, 45. அந்த ரெண்டு எண்ணை பீடிக்கட்டு அட்டையில எழுதி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சின்ன மக பத்தாவது படிக்கறா. உருளையின் கன அளவு பாடம் அப்பத்தான் நடந்துக்கிட்டு இருந்தது. "பாப்பா, இதுக்கு விடை கண்டுபிடி"ன்னு அட்டையைக் கொடுத்தேன். "இது உருளை கணக்குப்பா. பை ஆர் ஸ்கொயர் எச்"ன்னா. அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சது. நான் படிக்கறப்பவும் இதே பாடம்தான். ஆனா எங்களுக்கு அது கிணத்துக் கணக்கு. இத்தனை மீட்டர் விட்டம், இத்தனை மீட்டர் ஆழத்துல கிணறு வெட்டினா எவ்வளவு மண் வெளியில வரும்ன்னு கேட்பாங்க. சிலிண்டரும் ஒரு குட்டிக் கிணறுதான். போர் கிணத்தோட அகலம். ஸ்ட்ரோக் கிணத்தோட ஆழம். வெளியில வர்ற மண்ணுக்குப் பதிலா, உள்ள போற காத்து. அந்தக் காத்தோட அளவுதான் சிசி.

கணக்கை இங்கேயே போட்டுக் காட்டறேன். கையில பேப்பர் இருந்தா கூடவே போடுங்க.

முதல்ல எல்லாத்தையும் சென்டிமீட்டருக்கு மாத்திக்கணும். 68 மில்லிமீட்டர்ங்கறது 6.8 சென்டிமீட்டர். அதுல பாதி எடுத்தா ஆரம், 3.4. அதை அதாலயே பெருக்கினா 11.56. அதை 3.1416ஆல பெருக்கினா 36.32. இது கிணத்தோட வாய்ப் பரப்பு. இதை ஆழத்தால பெருக்கணும். ஸ்ட்ரோக் 45 மில்லிமீட்டர், அதாவது 4.5 சென்டிமீட்டர். 36.32ஐ 4.5ஆல பெருக்கினா 163.4. ஒரு சிலிண்டர்தான்ங்கறதால அதோட முடிஞ்சது. 163 சிசி. நாலு சிலிண்டர் இருந்தா அதை நாலால பெருக்கிக்கணும்.

சிசின்னா ஏதோ பெரிய தொழில்நுட்பம்ன்னு நினைக்க வேண்டாம். கன சென்டிமீட்டர். ஒரு சிசியும் ஒரு மில்லியும் ஒண்ணுதான். 163 சிசின்னா ஒரு டம்ளர் காப்பி.

அதே 68 போர்ல ஸ்ட்ரோக் 54 இருந்திருந்தா? 36.32ஐ 5.4ஆல பெருக்கினா 196 சிசி. ரெண்டுக்கும் வித்தியாசம் 33 மில்லி. மருந்து பாட்டில் மூடியில மூணு மூடி. ஆனா இன்ஜினுக்கு அது அஞ்சுல ஒரு பங்கு கூடுதல். ஸ்ட்ரோக்கை மட்டும் 9 மில்லிமீட்டர் நீட்டினதுக்கு இவ்வளவு. 170எஃப்ல வழக்கமா வர்ற 70க்கு 55 போட்டா 212 சிசி வரும். 7 எச்.பி.ன்னு விக்கற பெட்ரோல் களை எந்திரங்கள்ல பொதுவா அந்த அளவுதான் இருக்கும்ன்னு பட்டறைத் தம்பி சொன்னாரு.

இந்தக் கணக்குல தப்புப் பண்ற இடம் மூணு இருக்கு. மூணையும் நான் பண்ணினேன். ஒண்ணு, ஆரத்துக்குப் பதிலா விட்டத்தையே போட்டுடறது. அப்பப் போட்டா நாலு மடங்கு வரும், என் களை எந்திரம் 654 சிசி ஆயிடும். ரெண்டாவது, மில்லிமீட்டர்லயே போட்டா 1,63,000ன்னு வந்து பயமுறுத்தும். அதை ஆயிரத்தால வகுத்துக்கணும். மூணாவது, சிலிண்டரோட உயரத்தை ஸ்ட்ரோக்ன்னு நினைக்கறது. பிஸ்டன் போயிட்டு வர்ற தூரம் மட்டும்தான் ஸ்ட்ரோக். ஹெட்டைக் கழட்டாம பிளக் ஓட்டையில குச்சி விட்டு அளக்கலாம்ன்னும் பார்த்தேன். பல சின்ன இன்ஜின்ல பிளக் சாய்வா இருக்கும், குச்சி சாய்வாப் போகும், அளவு தப்பாத்தான் வரும்.

சரி, 163 சிசி. அதுல 7 எச்.பி. வருமா வராதா? கடைக்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்ன்னு உட்கார்ந்தேன். ஏன்னா வீட்டுல நிக்கற ஸ்பிளெண்டர் 97 சிசிதான், அதுக்கு 8 எச்.பி. போட்டிருக்காங்க. 97ல 8 வர்றப்ப 163ல 7 வரக்கூடாதான்னு அவரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

பதில் வேகத்துல இருக்கு. இன்ஜின் ஒரு நிமிஷத்துல எவ்வளவு காத்தை உள்ள இழுக்குதோ, அந்தக் காத்துக்குத் தகுந்த அளவுதான் பெட்ரோலை எரிக்க முடியும். எரிச்ச அளவுக்குத்தான் சக்தி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை காத்தை இழுக்கும். என் களை எந்திரம் அதிகபட்சம் 3,600 சுத்து. அப்ப நிமிஷத்துக்கு 1,800 தடவை இழுக்குது. 163 சிசியை 1,800ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 294 லிட்டர்.

ஸ்பிளெண்டர்ல போர் 50, ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர். போட்டுப் பாருங்க, 97.2 சிசி. அந்த 8 எச்.பி. வர்றது 8,000 சுத்துல. நிமிஷத்துக்கு 4,000 தடவை இழுக்கும். மொத்தம் 389 லிட்டர். சின்னக் கிணறுதான், ஆனா ரெண்டு மடங்கு வேகத்துல இறைக்குது. அதை எட்டால வகுத்தா ஒரு எச்.பி.க்கு 49 லிட்டர் காத்து.

என் களை எந்திரத்துல 294 லிட்டர்ல 7 எச்.பி. வரணும்ன்னா ஒரு எச்.பி.க்கு 42 லிட்டர்தான். அதாவது ஊர் பேர் தெரியாத இந்த இன்ஜின், ஸ்பிளெண்டரை விடக் கெட்டிக்காரன்னு ஆகுது. நம்பற மாதிரியா இருக்கு?

நேர்மையா அளந்தா எவ்வளவு வரும்ங்கறதுக்கும் ஆதாரம் இருக்கு. இதே 68க்கு 45 அளவுல ஹோண்டா கம்பெனியோட ஜிஎக்ஸ் 160 இன்ஜின் உலகம் முழுக்க ஓடுது. 163 சிசி. அதுக்கு முன்னாடி 5.5 எச்.பி.ன்னு போட்டிருந்தாங்க. அப்புறம் அளக்கற முறையைக் கடுமையாக்கி 4.8ன்னு மாத்திக்கிட்டாங்க. போர் மாறலை, ஸ்ட்ரோக் மாறலை, சிசி மாறலை. எச்.பி. மட்டும் மாறிடுச்சு. அதுவே 4.8ன்னு சொல்றப்ப என்னோடது 7 எங்க இருந்து வரும்?

பழைய ஆயில் இன்ஜின் வச்சிருந்தவங்களுக்கு இந்த விஷயம் கண்ணால பார்த்ததா இருக்கும். டீசல்ல, தண்ணி இறைக்கற 5 எச்.பி. இன்ஜின்ல 80க்கு 110ங்கறது பிரபலமான அளவு. 553 சிசி, 1,500 சுத்து. அதுக்கும் முந்தின தலைமுறையில லிஸ்டர் இன்ஜின் இருந்தது. நாலரை அங்குலம் போர், அஞ்சரை அங்குலம் ஸ்ட்ரோக், 1,433 சிசி. இருந்தும் 6 எச்.பி.தான், ஏன்னா அது ஓடறதே 650 சுத்து. டொப்பு டொப்புன்னு மூணு காடு தாண்டிக் கேட்கும். சிசியை மட்டும் பார்த்து எச்.பி.யைச் சொல்லிட முடியாது. சிசியும் சுத்தும் சேர்ந்து வேணும். ஆனா எச்.பி.யை மட்டும் வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு கடைக்குப் போனேன். சண்டை போடற எண்ணத்தோடதான் போனேன், மறைக்கலை. கடைக்காரர் பேப்பரை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. அவரு எங்கயோ போன் போட்டு "ஸ்ட்ரோக் எவ்வளவு"ன்னு கேட்டாரு. அந்தப் பக்கத்துல இருந்தவருக்கு கேள்வியே புரியலை. போனை வச்சுட்டு என்னைப் பார்த்து சொன்னாரு:

"அண்ணா, பெட்டியில என்ன போட்டு வந்துச்சோ அதைத்தான் பில்லுல எழுதினேன். இத்தனை வருஷமா யாவாரம் பண்றேன், இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அவரு பொய் சொல்லலைன்னுதான் எனக்குத் தோணுச்சு. அவருக்கு மேல இருக்கறவன் ஒட்டின ஸ்டிக்கரை அவரு நம்பியிருக்காரு. அவரை நான் நம்பியிருக்கேன். நடுவுல ஒருத்தரும் அளக்கலை. எந்திரத்தைத் திருப்பி எடுத்துக்க முடியாதுன்னுட்டாரு. கேஸ்கட் செலவும் ஒரு செட் பிளேடும் கொடுத்தாரு. வாங்கிக்கிட்டேன். எனக்குச் சங்கடமா இருந்தது அவரு சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான். இவ்வளவு பேர் வந்து நகையை அடகு வச்சு எந்திரம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் கூட அளவைக் கேட்கலை.

துணி வாங்கறப்ப மீட்டர் பார்க்கறோம். நிலம் வாங்கறப்ப சங்கிலி பிடிச்சு அளக்கறோம். பால் ஊத்தறப்ப எங்க பாலை டிகிரி வச்சு அளந்துதான் எடுத்துக்கறாங்க, ஒரு பாயிண்ட் குறைஞ்சா காசைக் குறைக்கறாங்க. விவசாயி விக்கறதுக்கெல்லாம் அளவு இருக்கு. அவன் வாங்கற எந்திரத்துக்கு மட்டும் ஸ்டிக்கர்.

அரசாங்கம் எதை நம்புதுன்னு பாருங்க. உங்க பைக்குக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டறீங்க. அதுல தட்டு பிரிச்சிருக்கறது 75, 150, 350 சிசின்னு. ஜி.எஸ்.டி.யும் 350 சிசிக்கு மேல போற பைக்குக்கு தனி, கீழ இருக்கறதுக்கு தனி. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் 350 வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 40 சதவீதம். திருவொற்றியூர்ல செஞ்ச பழைய புல்லட் 350ஐக் கணக்குப் போட்டுப் பாருங்க. போர் 70, ஸ்ட்ரோக் 90. 346 சிசி வரும். கார்லயும் பெட்ரோலுக்கு 1,200 சிசி, டீசலுக்கு 1,500 சிசின்னு கோடு போட்டிருக்காங்க. பெட்ரோல் கார் விளம்பரத்துல 1,197 சிசின்னு ஏன் அடிக்கடி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 73 மில்லிமீட்டர் போர், 71.5 ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர். போட்டா சரியா 1,197 வரும். கோட்டுக்கு மூணு சிசி இந்தப் பக்கம். வரி வாங்கறவங்க எச்.பி.யைக் கேட்கறதில்லை. சிசியைத்தான் கேட்கறாங்க, ஏன்னா அதை யாரும் அளந்து பார்த்துடலாம்.

அதுலயும் பாதி அளவை மட்டும் கேட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இங்கிலாந்துல ஒரு கதை இருக்கு. அங்க 1921ல இருந்து காருக்கு வரி, ஒரு எச்.பி.க்கு ஒரு பவுண்டு. அந்த எச்.பி.யை அவங்க கணக்குப் போட்ட விதம் வேடிக்கையானது. போரை அங்குலத்துல எடுத்து அதாலயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கி, இரண்டரையால வகுக்கணும். ஸ்ட்ரோக் அந்தக் கணக்குலயே கிடையாது. கார் செய்யறவங்க என்ன பண்ணினாங்க? கிணத்தோட வாயைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டிட்டாங்க. குறுகின போர், நீளமான ஸ்ட்ரோக். வரி கம்மி, உள்ள இடம் ஜாஸ்தி. 1920-கள்ல வந்த ஆஸ்டின் செவன் காருக்கு அந்தப் பேரே வரிக் கணக்குல வந்த எச்.பி.யை வச்சுத்தான். 2.2 அங்குலம் போர், 3 அங்குலம் ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், 747 சிசி. இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகுதான் அந்த முறையை விட்டாங்க. என் எந்திரத்துல 168ன்னு போரை மட்டும் எழுதி, ஸ்ட்ரோக்கை எழுதாம விட்டிருக்கறதைப் பார்த்தப்ப எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவுல புல் வெட்டற எந்திரத்துக்கு எச்.பி.யை ஏத்தி எழுதறாங்கன்னு வாங்கினவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2010ல சமரசம் ஆகி காசு கொடுத்தாங்க. இன்னைக்கு அங்க விக்கற பல எந்திரங்கள் மேல சிசிதான் பெரிசா போட்டிருக்கு. அங்க புல் வெட்டறவங்க கேட்டுட்டாங்க. இங்க களை வெட்டறவங்க கேட்க வேண்டாமா?

என் கோரிக்கை சின்னதுதான். விவசாயத்துக்கு விக்கற இன்ஜின் எதுவா இருந்தாலும் பில்லுல நாலு விஷயம் எழுதணும். போர், ஸ்ட்ரோக், சிசி, எச்.பி. அந்த எச்.பி. எத்தனை சுத்துல வருதுங்கறதையும் பக்கத்துலயே போடணும். ஒரு வரியில முடிஞ்சிடும். எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்கு ஹெட்டைக் கழட்டறப்ப ஒரு ஸ்கேலை வச்சு யாரு சொன்னது சரின்னு பார்த்துடலாம். எச்.பி.யை அளக்கறதுக்கு டைனமோமீட்டர்ன்னு பெரிய கருவி வேணும், அதெல்லாம் கோயமுத்தூர் பக்கம் கம்பெனியிலும் காலேஜிலும்தான் இருக்கும். போரையும் ஸ்ட்ரோக்கையும் எங்க ஊர்ப் பட்டறையிலயே அளக்கலாம்.

ஒண்ணு ஒத்துக்கணும். சிசியைத் தெரிஞ்சுக்கிட்டதால மட்டும் எந்திரத்துக்கு சக்தி வந்துடாது. போரைப் பெரிசு பண்ணினா சக்தி கூடும்ன்னு சிலர் சொல்வாங்க. தேய்ஞ்ச சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிசா கடைஞ்சு புது பிஸ்டன் போடறது வழக்கம்தான். ஸ்பிளெண்டர்ல 50ஐ 50.5 ஆக்கினா 97.2 சிசி 99.1 ஆகும். ரெண்டு சிசிகூட முழுசா ஏறலை. அப்புறம் வண்டி நல்லா இழுக்குதுன்னா, அது ஓட்டை அடைஞ்சதால. அந்த ரெண்டு சிசியால இல்லை.

இப்ப எந்திரத்தை என்ன பண்றேன்னு கேட்பீங்க. விக்கலை. வெளிப்பக்கத்து பிளேடு ரெண்டைக் கழட்டி வச்சுட்டேன். அகலம் குறைஞ்சிடுச்சு. முன்னாடி ஒரு சால்ல போனதுக்கு இப்ப ரெண்டு சால் போறேன். நேரம் பிடிக்குது, ஆனா நிக்காம போகுது. அஞ்சு எச்.பி.யை அஞ்சு எச்.பி.ன்னு நினைச்சு வேலை வாங்கினா அது ஒழுங்காத்தான் உழைக்குது. ஏழுன்னு நம்பி ஏழுக்கு உண்டான வேலையைக் கொடுத்ததால்தான் கேஸ்கட் எரிஞ்சது. ஸ்டிக்கரை சுரண்டிட்டேன். அந்த இடத்துல பெயின்ட்டுல பாப்பா கையால எழுதியிருக்கா: 68 × 45, 163 சிசி.

நகரத்துல இருக்கற உங்களுக்கு ஒரு வேலை வைக்கறேன். உங்க எல்லாருக்கும் ஊர்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ காடு வச்சிருப்பாங்க. அவங்க எந்திரம் வாங்கறப்ப உங்களுக்குத்தான் போன் பண்ணி, "தம்பி, நெட்டுல எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு"ன்னு கேட்பாங்க. நட்சத்திரம் எத்தனை, விலை எவ்வளவுன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடாதீங்க. கடைக்காரர்கிட்ட போனைக் கொடுக்கச் சொல்லி, போர் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவுன்னு கேளுங்க. பதில் வந்தா போன்லயே கணக்குப் போட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா, வளையலை அடகு வைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு கடை பார்க்கச் சொல்லுங்க.

எங்க வீட்டு வளையல் தை மாசம் கிழங்கு போட்டதும் மீட்டுடலாம்ன்னு இருக்கேன்.